கண்ணாடி இழைத் தூண்டிற்கோல்: வளைவைக் கெடுக்காமல் கட்டுவது எப்படி?

ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லாமலே தெரியும். மூங்கில் கொம்பு, தங்கூசி, முள், மண்புழு எல்லாம் இருந்தும் ஈயக்குண்டு இல்லையென்றால் தூண்டில் காலடியிலேயே விழும். நாம் எறிவது குண்டைத்தான். தங்கூசியும் புழுவும் அதன் பின்னால் இழுபட்டுப் போகின்றன.

ஃபிளை ஃபிஷிங்கில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. முள்ளில் இருப்பது சேவல் இறகும் கொஞ்சம் முயல் மயிரும் சேர்த்து நூலால் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. ஊதினால் பறந்துவிடும். டிரவுட் மீன் ஓடையின் மேல்பரப்புக்கு வந்து, தண்ணீரில் விழுந்து மிதக்கும் பூச்சிகளைத் தின்னும். அதை ஏமாற்ற வேண்டுமானால் பொய்ப் பூச்சியும் நிஜப் பூச்சியைப் போலச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ஈயத்தைக் கட்டினால் காரியம் கெட்டது. அதனால் எடையைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். ரீலில் சுற்றியிருக்கும் லைன், பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு. அதன் முனையில்தான் மெல்லிய தங்கூசி, அதன் முனையில் பூச்சி.

எவ்வளவு எடை? அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் 1961-ல் இதற்கு ஒரு அளவுமுறையை வகுத்தது. லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுப்பார்கள். நான்காம் எண் லைன் 120 கிரெயின், அதாவது சுமார் 7.8 கிராம். நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. ஒரு பவுன் தங்கத்தை 30 அடிக் கயிறாக இழுத்து, அதை ஓடையின் எதிர்க்கரை வரை காற்றில் விரித்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் முடியாது. அதற்கு ஒரு வில் வேண்டும். ஃபிளை கோல் என்பது ஒரு பாதி மட்டும் உள்ள வில்தான்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கோல் கட்டும் வேலையில் பாதி புரிந்த மாதிரி. லைனைப் பின்னால் வீசும்போது அதன் எடை கோலைப் பின்னோக்கி வளைக்கிறது. முன்னால் கொண்டுவந்து சட்டென்று நிறுத்தினால் கோல் நிமிர்கிறது. நிமிரும் வேகம் லைனுக்குப் போகிறது. கோல் எங்கே வளைகிறது, எவ்வளவு வளைகிறது, எத்தனை வேகமாக நிமிர்கிறது என்பதுதான் அதன் குணம். கட்டுபவருடைய வேலை அந்த வளைவைப் புதிதாக உண்டாக்குவது அல்ல. ஏற்கெனவே இருக்கும் வளைவைக் கெடுக்காமல் அதன் மேல் பிடியையும் வளையங்களையும் ஏற்றுவது.

ஏன் கண்ணாடி இழை?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நல்ல ஃபிளை கோல் என்றால் மூங்கில் கோல்தான். சீனாவின் குவாங்தோங் மாநிலத்தில் விளையும் டாங்கின் மூங்கிலை ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி ஒட்டிச் செய்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்த மூங்கில் வரத்து நின்றது. ஒஹாயோவைச் சேர்ந்த பிளாஸ்டிக் வேதியியலாளர் ஆர்தர் ஹோவால்டின் மூங்கில் கோல் நுனி உடைந்துபோக, மாற்று கிடைக்காமல் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து ஒரு நுனி செய்து பார்த்தார் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. அந்த முறையை ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனம் வாங்கி, 1940களின் பிற்பகுதியில் ‘வொண்டர்ராட்’ என்ற வெள்ளைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாடகாசிரியருக்கும் இந்த நிறுவனத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1950-ல் அமெரிக்கா சீன வர்த்தகத்துக்குத் தடை போட்டதும் மூங்கில் கோல்கள் மேலும் அருகிப்போக, அடுத்த இருபது ஆண்டுகள் கண்ணாடி இழையின் காலமாக இருந்தன.

1970களில் கார்பன் இழை வந்தது, கதை மாறியது. 1973-ல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் கோலை அறிமுகப்படுத்திய சில ஆண்டுகளிலேயே கண்ணாடிக் கோல்கள் பரணுக்குப் போயின. கார்பன் இழை சாதாரணக் கண்ணாடி இழையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. அதே நீளக் கோலை ஒல்லியாகவும் லேசாகவும் செய்யலாம். சட்டென்று நிமிர்வதால் தொலைவில் எறியலாம், எதிர்க்காற்றிலும் எறியலாம். ஒன்பது அடிக் கோலை வைத்துக்கொண்டு அகன்ற ஆற்றிலோ கடற்கரையிலோ நிற்பவர் கண்ணாடியைத் தேட வேண்டியதே இல்லை. இதை நான் ஒளிக்கப் போவதில்லை.

ஆனால் எல்லா ஓடையும் அகலமல்ல. பென்சில்வேனியா, வெர்ஜீனியா மலைகளில் இரண்டு பக்கமும் புதர் மண்டிய, பதினைந்தடி அகல ஓடைகள் நிறைய உண்டு. அங்கே எறிய வேண்டிய தூரம் இருபது, முப்பது அடிதான். ஆங்கிலேயர் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்ட நீலகிரியின் அவலாஞ்சியிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் உள்ள ஓடைகளும் இந்த வகைதான். விறைப்பான கார்பன் கோல் வளைய வேண்டுமானால் அதிக நீளத்துக்கு லைன் வெளியே போக வேண்டும். பத்தடி லைனுக்கு அது அசைந்துகொடுக்காது. கண்ணாடிக் கோலோ கொஞ்சம் லைனுக்கே அடிவரை வளையும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிறு பூச்சிகளுக்குக் கட்டும் தங்கூசி ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. மீன் திடீரென்று இழுத்தால் விறைப்பான கோலில் அது அறுந்துவிடும். கண்ணாடி இழை அறுவதற்கு முன் 4 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடியது. வழக்கமான கார்பன் இழை 2 சதவீதத்தை ஒட்டியே அறுந்துவிடும். எனவே கண்ணாடிக் கோல் வளைந்து வளைந்து அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது. காரின் கதவிடுக்கில் நுனியை நசுக்கினாலொழிய, உடைவதும் அபூர்வம். முதன்முதலாகக் கோல் கட்டுபவருக்கு, எல்லாத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணம் மிக முக்கியம்.

கண்ணாடி இழையிலும் இரண்டு வகை பேசப்படுகிறது. ஈ-கிளாஸ் என்பது படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பயன்படும் சாதாரண வகை. எஸ்-கிளாஸ் அதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் விறைப்பு கூடியது. எஸ்-கிளாஸ் கோல் கொஞ்சம் சுறுசுறுப்பாக நிமிரும். ஈ-கிளாஸ் சோம்பலாக நிமிரும். சோம்பலை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

வெற்றுக் கோல்

வீட்டில் கோல் கட்டுவது என்றால் கண்ணாடியை உருக்குவது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பிடியும் வளையமும் இல்லாத வெற்றுக் கோலை விலைக்கு வாங்குவோம். பிளாங்க் என்று அதைச் சொல்வார்கள். அது எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது மட்டும் அவசியம், ஏனென்றால் பின்னால் வரும் ஒரு வேலைக்கு அது அடிப்படை.

ஒரு முனை தடித்தும் மறுமுனை ஊசிபோலக் கூர்ந்தும் இருக்கும் எஃகுக் கம்பிதான் அச்சு. பிசின் ஊறிய கண்ணாடி இழைத் துணியை நீண்ட முக்கோணமாக வெட்டி, பாயைச் சுருட்டுவதுபோல அந்தக் கம்பியின் மேல் சுருட்டுகிறார்கள். மேலே இறுக்கமாக நாடா சுற்றி, சூளையில் வேகவைக்கிறார்கள். பிசின் இறுகியதும் கம்பியை உருவிவிட்டால் உள்ளீடற்ற குழாய் கிடைக்கும். நாடா பதிந்த வரிகளைச் சிலர் தேய்த்து வழவழப்பாக்குவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்கு வரியோடு இருப்பதுதான் பிடிக்கும். தேன் நிறக் கோலில் வெயில் படும்போது அந்த வரிகள் தெரிவது ஒரு அழகு.

சுருட்டிய துணிக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டல்லவா? அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் குழாயின் ஒரு பக்கம் சற்றே விறைப்பாகிவிடும். அதை ‘முதுகுத்தண்டு’ என்ற பொருளில் ஸ்பைன் என்கிறார்கள். கோலின் அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தியபடி மெல்ல உருட்டினால் ஓரிடத்தில் கோல் தானாகவே துள்ளித் திரும்பி நிற்கும். அந்தப் பக்கத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று கட்டுபவர்களுக்குள் பல ஆண்டுகளாகத் தகராறு. என் கருத்தில் கண்ணாடிக் கோலுக்கு அது பெரிய விஷயமே அல்ல. கண்ணை ஒட்டிப் பிடித்துக் கோலைச் சுழற்றிப் பாருங்கள். எந்தக் கோலும் முழு நேராக இருக்காது. மிக நேராகத் தெரியும் பக்கத்தைத் தேர்ந்து காகித நாடாவால் அடையாளம் வையுங்கள். வளையங்கள் அந்தக் கோட்டில் வந்தால் போதும்.

முதல் கோலுக்கு ஏழு அல்லது ஏழரை அடி, நான்காம் எண் லைனுக்கானதை வாங்கச் சொல்வேன். கண்ணாடிக் கோல் நீளநீள நுனி கனத்துத் தொங்க ஆரம்பிக்கும். எட்டடிக்கு மேல் போனால் கை வலிக்கும். இரண்டு துண்டாக வந்தால் இணைப்பு ஒன்றுதான், அதுவும் நல்லது. பழைய கோல்களில் பித்தளை, நிக்கல் வெள்ளி இணைப்புகள் இருந்தன. வளையாத அந்த உலோகத் துண்டு நடுக்கோலில் வளைவைத் துண்டித்துவிடும். ஃபென்விக்கில் இருந்த ஜிம் கிரீன், மேல்துண்டின் அடியை விரித்துக் கீழ்த்துண்டின் மேலே செருகும் கண்ணாடி இணைப்பைக் கொண்டுவந்த பிறகு உலோகத்துக்கு வேலையில்லாமல் போனது. இன்னொரு வகையில் கீழ்த்துண்டுக்குள் ஒரு சிறு கண்ணாடி முளை ஒட்டியிருக்கும். அதன் மேல் மேல்துண்டு ஏறும். அந்த வகையில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி தெரியும். சரியாகச் சேரவில்லையே என்று பதறி முளையைத் தேய்த்துவிடாதீர்கள். நாளாக ஆகத் தேய்மானத்துக்கு என்று வேண்டுமென்றே விட்ட இடம் அது.

இந்தக் கோல் உண்மையிலேயே நான்காம் எண்தானா? தயாரிப்பாளர் எழுதியிருப்பதை நம்பலாம், ஆனால் அளந்தும் பார்க்கலாம். வில்லியம் ஹானமன் என்ற அமெரிக்கர் 2000களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி சொன்னார். கோலின் அடியைக் கிடைமட்டமாக மேசையில் இறுக்கி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்வரை அதில் ஒரு சென்ட் காசுகளைப் போட வேண்டும். 1982-க்குப் பிந்தைய அமெரிக்க சென்ட் காசு ஒவ்வொன்றும் சரியாக 2.5 கிராம், அதனால் காசை எண்ணினாலே கோலின் பலம் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் இல்லாமல் சில்லறைக் காசை வைத்துச் செய்த இந்த அளவுமுறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. காசு இல்லாதவர்கள் சமையலறைத் தராசில் நிறுத்த அரிசியைப் போட்டுக்கொள்ளலாம்.

பிடி

பிடிக்குத் தக்கைதான். போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. ஒரு முறை உரித்தால் மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். நல்ல தக்கை ஏன் விலை கூடியது என்பது இதிலேயே தெரியும். அரை அங்குல தடிமனில் நடுவில் துளையிட்ட வில்லைகளாகக் கிடைக்கும். ஆறு அங்குலப் பிடிக்குப் பன்னிரண்டு வில்லைகள். ஒன்றோடொன்று ஒட்டி, இறுக்கிப் பிடித்து ஒரு நாள் காயவிட வேண்டும்.

அடுத்து, நடுத்துளையை எலிவால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும் வேலை. கோல் நுனியிலிருந்து அடிவரை தடித்துக்கொண்டே போவதால், பிடியை நுனி வழியாகக் கோர்த்துக் கீழே இறக்குவோம். தன் இடத்துக்கு வரும்போது அது இறுகி நிற்க வேண்டும். இரண்டு தேய்ப்பு, ஒரு பொருத்திப் பார்ப்பு என்று போங்கள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இங்கே அவசரப்பட்டால் நுழையக்கூடாத அளவுக்கு நுழைந்துவிடும். ஆடும் பிடியை எந்தப் பசையாலும் சரிப்படுத்த முடியாது.

வடிவம் கொடுப்பது உப்புத்தாளால். 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 220 என்று மாறி 400-ல் முடிக்கலாம். கடைசல் எந்திரம் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் ஒரு கம்பியில் பிடியைக் கோர்த்து மின்துளைப்பானில் மாட்டியும் சுழற்றலாம். கோலைத் தனக்கென்று கட்டுவதன் முழு லாபமும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிந்தது. கடையில் வரும் பிடிகள் சராசரிக் கைக்கு அளவெடுத்தவை. என் கை சிறியது. கட்டைவிரல் மேலே பதியும் இடத்தில் சற்றுக் குழிவாக, நடுவில் கொஞ்சம் மெலிதாக என்று நான்கைந்து முறை பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். தக்கையில் உள்ள சொத்தைக் குழிகளைத் தேய்த்த தூளையே பசையோடு குழைத்து அடைத்துவிடலாம்.

ரீல் உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துண்டும் இரண்டு உலோக வளையங்களும் கொண்ட எளிய வகை லேசானது, கண்ணாடிக் கோலுக்குப் பொருத்தமானது. மரத்துக்கும் கோலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் காகித நாடா சுற்றி நிரப்பி, எப்பாக்ஸி பசையால் ஒட்டுங்கள். ரீலின் கால், வளையங்கள் வரப்போகும் கோட்டில் இருக்கிறதா என்று பசை இறுகுமுன் ஒரு முறை பாருங்கள். பசை இறுகிய பிறகு பார்த்துப் பயனில்லை.

வளையங்கள், அவற்றின் இடம்

லைன் ஓடுவதற்குக் கோல் நெடுகிலும் வளையங்கள் வேண்டும். பிடிக்கு அருகில் வட்டமான பெரிய வளையம் ஒன்று, நுனியில் குப்பிபோல் செருகும் வளையம் ஒன்று. இடையில் இருப்பவை முறுக்கிய கம்பிகள். ஆங்கிலத்தில் அவற்றுக்குப் பாம்பின் பெயர், பார்த்தால் ஏன் என்று புரியும். நுனி வளையத்தைக் கணக்கில் சேர்க்காமல், அடிக்கு ஒன்று, கூட ஒன்று என்பது பழைய கணக்கு. ஏழு அடிக் கோலுக்கு எட்டு.

எங்கே வைப்பது? அட்டவணைகள் கிடைக்கும். நுனியிலிருந்து முதல் இடைவெளி நான்கு அங்குலம், பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்கிற மாதிரி. கண்ணாடிக் கோலுக்கு அட்டவணையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கோலும் வேறு இடத்தில் வளைகிறது. அட்டவணைப்படி வளையங்களைத் தற்காலிகமாக நாடாவால் ஒட்டி, உள்ளே லைனைக் கோர்த்து, நுனியைக் கீழே இழுத்துக் கோலை நன்றாக வளையுங்கள். லைன் கோலின் வளைவைப் பின்தொடர்ந்து போக வேண்டும். எங்காவது இரண்டு வளையங்களுக்கு நடுவே வளைவை வெட்டிக்கொண்டு நேர்கோடாகப் போனால், அங்கே இடைவெளி அதிகம் என்று பொருள், வளையங்களை நெருக்குங்கள். அடி வளையம் மட்டும் உங்கள் இடது கை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நெருக்கமாக நிறைய வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. நுனியில் கூடும் ஒவ்வொரு கிராமும் ஏழடி நெம்புகோலின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. நிமிரும் வேகத்தை அது குறைக்கும், நிமிர்ந்த பிறகும் நுனியை ஆட்டிக்கொண்டே இருக்கும். வளையம், நூல், பூச்சு மூன்றும் நுனிப்பக்கம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நூல் சுற்று

வளையத்தின் கால்கள் கோலில் நிற்பது நூலால்தான். பசை கிடையாது. இதற்கென்று மெல்லிய நைலான் நூலும் பட்டு நூலும் விற்கிறார்கள். தையல் நூல் வேண்டாம். அதில் பஞ்சு முடி நீட்டிக்கொண்டிருக்கும், பூச்சு பூசினால் சொரசொரக்கும்.

முதலில் வளையக் காலின் முனையை அரத்தால் கத்திமுனைபோல் தேய்க்க வேண்டும். மொட்டையாக இருந்தால் நூல் அதன் மேல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். அடிப்பக்கத்தில் பிசிறு இருந்தால் அதையும் நீக்குங்கள். கோல் ஆயிரம் முறை வளையும்போது அந்தப் பிசிறு கண்ணாடியை அறுக்கும்.

கருவிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு அட்டைப் பெட்டியின் இரு பக்கமும் ‘வி’ வடிவில் வெட்டினால் கோலைத் தாங்க ஒரு மேசை தயார். நூல்கண்டைத் தேநீர்க் கோப்பையில் போட்டு, நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு வெளியே எடுங்கள். புத்தகத்தின் மேல் இன்னொன்றை வைத்தால் இறுக்கம் கூடும், எடுத்தால் குறையும். பழைய டெலிபோன் டைரக்டரிதான் அமெரிக்கர்களின் வழக்கம். என் வீட்டில் தமிழ் அகராதி அந்த வேலையைச் செய்கிறது. அகராதி இப்படியாவது தினமும் பயன்படுகிறதே என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள்.

வளையக் காலுக்கு வெளியே, வெற்றுக் கோலில் தொடங்கி, காலின் மேலே ஏறி, வளையத்தை நோக்கிப் போக வேண்டும். முதல் சுற்றில் நூல் தன்னையே குறுக்காகத் தாண்டட்டும். அதன் மேல் ஐந்தாறு சுற்று விழுந்ததும் அது தானே பிடித்துக்கொள்ளும், மிஞ்சிய வாலை வெட்டிவிடலாம். நூலை நகர்த்த வேண்டாம், கோலை உருட்டுங்கள். ஒரு அங்குலத்தில் 150 சுற்றுக்கு மேல் வரும். பாய் முடைவதுபோல ஒன்றை ஒன்று ஒட்டி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அங்கேயே நிறுத்தி, பின்னோக்கி உருட்டிப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும்.

முடிப்பதுதான் புதியவர்களைத் திணறடிக்கும். இன்னும் ஏழெட்டுச் சுற்று பாக்கி இருக்கும்போது, தனியாக ஒரு நூல் துண்டை மடித்துக் கண்ணியாக்கி, சுற்றுகளுக்கு அடியில் படுக்கவைத்து, அதன் மேலேயே சுற்றிச் செல்லுங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் நூலை விரலால் அழுத்திப் பிடித்து வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, கண்ணியின் வாலை மறுபக்கம் இழுங்கள். முனை சுற்றுகளுக்கு அடியில் புதைந்துவிடும். முடிச்சே இல்லை. நான் முதல் முறை இதைச் செய்தபோது, மந்திரவாதியின் கைக்குட்டை மறைந்த மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு முறை அவிழ்த்துச் சுற்றிப் பார்த்தேன், ரசிப்பதற்காக மட்டும்.

நூல் ரொம்ப இறுக்கமாக இருக்கக் கூடாது. கண்ணாடிக் குழாயின் சுவர் நுனியில் மெல்லியது. சுற்றிய பிறகு வளையத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் மயிரிழை நகர வேண்டும். அப்போதுதான் எல்லா வளையங்களையும் நேர்கோட்டில் கொண்டுவர முடியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டு நூலின் மேல் நேரடியாக எப்பாக்ஸி பட்டால் அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். வெள்ளைப் பட்டு கிட்டத்தட்ட மறைந்தே போகும். மஞ்சள் பட்டு தேன் நிறமாகும். ஊடுருவிய நூலின் கீழே கோலின் நிறமும் வளையக் காலும் தெரிவதுதான் கண்ணாடிக் கோலின் அலங்காரம். நிறம் மாறக் கூடாது என்றால் முதலில் நிறம்காக்கும் திரவம் ஒன்றைப் பூச வேண்டும். எதுவானாலும் ஒரு துண்டுக் குச்சியில் சுற்றிப் பூசிப் பார்த்துவிடுங்கள்.

பூச்சு

நூலின் மேல் பூசுவது இரண்டு திரவங்களைக் கலந்து செய்யும் எப்பாக்ஸி. பெரும்பாலான வகைகளில் இரண்டும் சம அளவு. சம அளவு என்றால் சம அளவுதான். என் முதல் கோலில் கண் அளவாக ஊற்றிக் கலந்தேன். மூன்று நாள் கழித்தும் பலாச்சுளை வெட்டிய கத்தி மாதிரி பிசுபிசுத்தது. தூசியும் ஒரு கொசுவும் அதில் குடியேறின. சரியாக அளந்து கலந்த இன்னொரு பூச்சை மேலே போட்டதும் இறுகியது. கொசு இன்றும் அடி வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபிளை கோலில் நிஜப் பூச்சி ஒன்றும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி இல்லாத சிரிஞ்சுகள் இரண்டு வைத்து அளந்தால் இந்தத் தொல்லை வராது. திரவங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் எழுதி, சிரிஞ்சுகளை மாற்றாமல் வையுங்கள். ஆர்ப்பாட்டமில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி நிறையும். கலந்ததை ஒரு தட்டையான தகட்டில் ஊற்றிவிட்டால் குமிழிகள் பெரும்பாலும் தானே வெளியேறும். பூசிய பிறகும் மிச்சம் இருந்தால் ஸ்பிரிட் விளக்கை ஒரு நொடி தள்ளிக் காட்டினால் போதும்.

பூசிய கோலைச் சும்மா வைத்தால் எப்பாக்ஸி கீழ்ப்பக்கம் வழிந்து தொங்கும். எனவே இறுகும்வரை நான்கைந்து மணி நேரம் மெதுவாகச் சுழல வேண்டும். அதற்கு மோட்டார் விற்கிறார்கள். இல்லையென்றால் முதல் ஒரு மணி நேரம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அரைச் சுற்றுத் திருப்புங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். வானொலியில் ஒரு நல்ல கச்சேரி இருந்தால் நேரம் தெரியாது. முதல் பூச்சு நூலுக்குள் இறங்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும்; ஒரு நாள் கழித்து இரண்டாவது. முட்டைபோல் பருத்துப் பளபளக்கும் பூச்சைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் கோல் வளையாது, நுனியும் கனக்கும். வளைவைக் கெடுக்கும் தவறுகளில் புதியவர்கள் அதிகம் செய்வது இதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கண்ணாடிக் கோலை உப்புத்தாளால் தேய்க்க நேர்ந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மூக்கைக் கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. எப்பாக்ஸியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முதல் பத்து முறை ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது முறை ஒவ்வாமை வரலாம், வந்துவிட்டால் போகாது.

இரண்டாம் பூச்சு போடுவதற்கு முன், பிடிக்கு மேலே நீளம், லைன் எண், தேதி, உங்கள் பெயர் ஆகியவற்றை மெல்லிய மை பேனாவால் எழுதிக்கொள்ளலாம். பூச்சு அதை மூடிக் காக்கும். என் கோலில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ‘ழ’ மட்டும் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

ஒரு வாரம் விட்டு, புல்தரையில் எறிந்து பாருங்கள். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொண்டால் கண்ணுக்கும் தெரியும், காதையும் கிழிக்காது. கார்பன் கோலில் பழகியவர்கள் முதல் பத்து வீச்சில் திட்டுவார்கள். பின்வீச்சில் லைன் முழுதாக விரியுமுன் முன்னால் இழுத்துவிடுவதால் அது காலடியில் குவியும். ஊஞ்சல் தள்ளுகிறவர் எப்படிப் பலகை திரும்பும்வரை கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரோ, அந்த அரை நொடிப் பொறுமையைக் கண்ணாடிக் கோல் கேட்கிறது. லைன் பின்னால் நீண்டு, கோல் அடிப்பிடிவரை வளைந்து, அந்தக் கனம் உள்ளங்கைக்கு வந்து சேரும்போது முன்னால் தள்ளுங்கள்.

எறிந்து முடித்ததும் இணைப்பைப் பாருங்கள். கண்ணாடிமேல் கண்ணாடி உரசும் இடமாதலால் அது சில நேரம் தளரும், சில நேரம் கழலாமல் அடம்பிடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மின்சாரம் போனால் ஏற்றும் சாதாரண மெழுகுவர்த்தியை எடுத்து உட்செருகும் பாகத்தில் இரண்டு கோடு இழுத்து, விரலால் தேய்த்துவிடுங்கள்.